ஆதம்பாவா காக்காவின் மாடும் ஒரு கிழமைச் சான்றிதழும்

விலங்குகளுக்கான கைரோபிராக்டிக் பயிற்சிக்கு வெளிநாடு போகலாமா, நல்ல இடம் எது, அந்தச் சான்றிதழுக்கு இங்கே மதிப்பு இருக்குமா என்று கேட்டு, இளம் கால்நடை வைத்தியர்களான உங்களில் சிலர் போன மாதம் வீட்டுக்கு வந்தீர்கள். தேத்தண்ணி தந்தேன், வட்டிலாப்பம் தந்தேன், மறுமொழி மட்டும் தரவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. ஏன் என்று சொல்லாமல் ‘போங்கள்’ என்றோ ‘போகாதீர்கள்’ என்றோ சொல்வது நியாயமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஓய்வு பெற்ற மாட்டு டொக்டர் பொழுது போகாமல் நீட்டி முழக்குகிறாள் என்று நினைத்தால் மடித்து வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். எனக்குக் கோபம் வராது. வந்தாலும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

அந்த வைத்தியத்தோடு எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதுகெலும்பில் ஒரு மூட்டு இறுகிப்போய் அசையாமல் நின்றால், அந்த இடத்தில் கையால் சட்டென்று, அளவாக ஒரு தள்ளுத் தள்ளி அசைவை மீட்கிறார்கள். மனிதருக்குச் செய்வதை மாட்டுக்கும் குதிரைக்கும் நாய்க்கும் செய்கிறார்கள். முறையாகப் படித்தவர் செய்து பலன் கிடைத்ததை நானே பார்த்திருக்கிறேன். என் வழக்கெல்லாம் அதை யார் யாருக்கு எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்பதோடுதான்.

சுனாமியில் கடல் வந்து போன அந்த வருடம் கல்முனைக்கு உதவி செய்ய வராத ஆளில்லை. வள்ளம் கொடுக்க வந்தார்கள், கூடாரம் கொடுக்க வந்தார்கள், பிள்ளைகளுக்குப் படம் வரையப் பழக்க வந்தார்கள். எங்கள் தெருவில் ஒருவர் மூச்சு விடப் படிப்பிக்கிறேன் என்று வந்தார். அதுவரை நாங்கள் எல்லாரும் என்ன செய்துகொண்டிருந்தோமாம் என்று என் ராத்தா கேட்டாள். அப்படி வந்தவர்களில் மாடு ஆடுகளின் முதுகை நிமிர்த்த வந்தவரும் ஒருவர்.

வெள்ளைக்காரர், ஐம்பது வயதிருக்கும், உயரமானவர், சிரித்த முகம். கெட்ட மனிதர் இல்லை. இதை நான் திரும்பவும் சொல்வேன், மறந்துவிடாதீர்கள். சொந்தக் காசில் விமானம் ஏறி வந்தவர். அலையில் அடிபட்டுப் பிழைத்த கால்நடைகளின் முதுகுகள் விலகியிருக்கும், அதை யாரும் கவனிக்கவில்லை என்று அவருக்குக் கவலை. ஒரு கிழமை, ஏழே நாள் பயிற்சி, முடிவில் சான்றிதழ். எங்கள் கால்நடை அலுவலகத்திலிருந்தும் ஒருவரை அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து சொல்லி வந்தது.

தொடக்க நாளில் தேநீர் இடைவேளையில் நான் அவரிடம் போய்க் கேட்டேன்.

“நீங்கள் கால்நடை வைத்தியரா?”

“இல்லை. ஆனால் குதிரைகளோடுதான் வாழ்கிறேன். வார இறுதி வகுப்புகளில் இந்த முறையைக் கற்றுக்கொண்டேன்.”

“ஒரு மாடு பின்னங்காலைத் தள்ளாடி வைக்கிறது என்றால், அது முதுகாலா வேறு நோயாலா என்று யார் முடிவு செய்வது?”

அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். “கைக்குத் தெரியும், டொக்டர்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைக்குத் தெரிந்தால் நான் ஏன் பேராதனைக் குளிரில் அத்தனை வருடம் உட்கார்ந்து படித்தேன்? இதை மேலிடத்துக்குச் சொன்னேன். வந்த விருந்தாளியை முகம் முறிக்க வேண்டாம் என்று மறுமொழி வந்தது. அடுத்த நாள் சாகாமம் பக்கத்தில், மாட்டின் காலிலும் வாயிலும் புண் வரும் கால்வாய் நோய்க்குத் தடுப்பூசி போடும் வேலை தொடங்கியது. குளத்தோரப் பட்டிகளில் மாடுகள் நிறைந்து கிடந்தன. ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அலுவலகத்திலிருந்து பயிற்சிக்குப் போனவர் நிஸாம். எங்கள் கள உத்தியோகத்தர், மருதமுனைக்காரர், முப்பதைத் தாண்டியவர். சினை ஊசி போடுவதில் அவரைப் போல ஆள் இல்லை. மாட்டுக்காரர்கள் என்னைவிட அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள், எனக்கும் அது சரிதான். அவர் பாவம், உதவியாள் என்றே காலம் தள்ளியவர். முதன்முதலாகத் தன் பெயர் எழுதிய ஒரு சான்றிதழ் கிடைக்கப் போகிறது என்று புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனார்.

பயிற்சியின் கடைசி நாளில் செய்து காட்ட ஒரு மாடு தேவைப்பட்டது. நிஸாம் ஆதம்பாவா காக்காவின் மாட்டைக் கொண்டுபோனார்.

காக்கா என்றால் எங்களில் அண்ணன். ஆதம்பாவா காக்கா சாய்ந்தமருதுக் கடற்கரையில் வீடும் வளவும் ஏழெட்டு மாடுகளுமாக இருந்தவர். கடல் மனைவியையும் பிள்ளைகளையும் கொண்டுபோனது. அவர் பால் கொடுக்கக் கல்முனைக்குப் போயிருந்ததால் மிஞ்சினார். வளவில் நின்றவற்றில் ஒரு செவலைப் பசு மட்டும், கழுத்தில் அறுந்த கயிறு இழுபட, காரைதீவுப் பக்கத்திலிருந்து தானாக நடந்து வந்தது. முகாமில் தகரக் கொட்டில்கள் கட்டிக் கொடுத்தபோது அவர் தன் கொட்டிலுக்கு ஒட்டி அதற்கும் ஒரு சாய்ப்பு இறக்கினார். ஆட்களோடு அவர் கதைப்பது குறைவு. அந்தப் பசுவோடு கதைப்பதை வழியில் போகிறவர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறோம். ‘மனுசன் விசரனாப் போயிடுவான்’ என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கதைக்க ஒன்று இருந்ததால்தான் விசராகாமல், புத்தி கெடாமல் இருந்தார்.

அந்தப் பசு இரண்டொரு நாளாகப் பின்பக்கம் தள்ளாட நடந்தது. அலையில் அடிபட்ட மாடு என்றதும் பயிற்சியாளருக்கு எல்லாம் பொருந்திப்போனது. நிஸாமைத் தாடையைப் பிடித்துக் கழுத்தைத் திருப்பச் சொல்லிவிட்டு, இடுப்புக்கு மேலே கையை வைத்துத் தள்ளினார். மாடு துள்ளி நாலு எட்டு நேராக நடந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பயந்த மாடு நாலு எட்டு நேராக நடக்கத்தான் செய்யும். அன்று பின்னேரம் சான்றிதழ் கொடுத்தார்கள். ஆதம்பாவா காக்கா அந்த வெள்ளைக்காரரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. சாகாமத்து வேலை முடிந்து நான் அலுவலகத்துக்கு வந்த காலையில் நிஸாம் வாசலில் நின்றார். முகம் வாடியிருந்தது.

“டொக்டர், ஆதம்பாவா காக்காட மாடு விழுந்திட்டு. இனி எழும்பாது போல. இண்டைக்கு அறுக்கப் போறாங்க.”

“ஆர் அறுக்கச் சொன்ன?”

“அவருதான். மௌத்தாக முந்தி அறுத்தா ஹலாலாப் போகுமே. வருஷக் கத்தமும் வருது. பெண்சாதி, புள்ளைகள்ற பேரில முகாமுக்கெல்லாம் சோறு குடுக்கோணும் எண்டு நிய்யத்து வெச்சிரிக்கார்.”

உங்களில் வெளியூர்க்காரர்களும் இருக்கிறீர்கள், அதனால் விளக்கிவிடுகிறேன். கத்தம் என்றால் இறந்தவர்கள் பேரில் ஓதிச் சோறு கொடுப்பது. எங்கள் ஆட்களிடம், மௌத்தான, அதாவது தானாகச் செத்த மாடு கூடாது, புதைக்க வேண்டியதுதான். அதனால் எழும்பாத மாட்டை உயிர் இருக்கும்போதே அறுத்துவிடுவார்கள். கால் முறிந்த மாட்டுக்கு அது நல்ல வழக்கம். மாடும் கிடந்து துன்பப்படாது, இறைச்சியும் வீணாகாது. ஆனால் மாடு ஏன் விழுந்தது என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். இங்கே கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஆளுக்குச் சான்றிதழ் கிடைத்திருந்தது, முதுகு விலகல் என்று அவர் ஏற்கெனவே சொல்லியும் இருந்தார்.

“தின்னுதா?” என்று கேட்டேன்.

“இல்ல டொக்டர். விழுங்க ஏலாமக் கிடக்கு. வீணீர் ஒழுகுது. தொண்டையில என்னவோ அடைச்சிரிக்கி எண்டு நான் கையை விட்டுப் பார்த்தன். ஒண்டும் இல்ல. மறுகா கழுத்தையும் ஒருக்கா நிமிர்த்திவிட்டன்.”

“வெறுங்கையாலயா?”

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே மாட்டின் பல் உரசிய கோடு ஒன்று காய்ந்து கிடந்தது. எனக்கு விளங்கிவிட்டது. நான் சொல்லாமலே அவருக்கும் விளங்கத் தொடங்கியது. உதடு வெளுத்துப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

“கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்க. நல்லாக் கழுவுங்க. கழுவிட்டு ஜீப்பில ஏறுங்க” என்றேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீரமுனைப் பக்கத்துப் பட்டிகளுக்கு ஒரு பெரிய டொக்டரோடு போவேன். அவர் ஜீப்பை விட்டு இறங்கியதும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். மாட்டைச் சுற்றி நடந்து பார்த்து, உடையவரோடு கதைத்து முடியும் வரைக்கும் கட்டை அவிழ்க்க மாட்டார். எனக்கு அது பெருமைக்காரத்தனமாகப் பட்டது. அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று அதே மாதிரிச் செய்து காட்டி மற்றவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். முகாமில் இறங்கியபோது என் கைகள் தாமாகவே பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

சாய்ப்புக்கு முன்னால் ஆட்கள் கூடியிருந்தார்கள். மாடு அறுக்க வந்த பள்ளிவாசல் லெப்பை கத்தியோடு நின்றார். பெண்கள் சட்டி, தாச்சி எல்லாம் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். யாரோ தலைக்கறிக்கு மல்லி வறுக்கும் வாசனை வந்தது. மாடு ஒரு பக்கமாகக் கிடந்தது. வாயிலிருந்து கயிறு மாதிரி வீணீர் தொங்கியது. நாங்கள் போனபோது அது ஒரு சத்தம் போட்டது. மாடு கத்துகிற சத்தம் இல்லை அது. தொண்டை கட்டிப்போய், காற்று மட்டும் கிழிந்து வருகிற சத்தம். ஒருமுறை கேட்டவர்களுக்கு மறக்காது. அதன் தலைமாட்டில் ஆதம்பாவா காக்கா கஞ்சிக் கோப்பையோடு குந்திக்கொண்டிருந்தார். விரல்களால் கஞ்சியை அள்ளி அதன் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

“காக்கா, கையை எடுங்க.”

“கொஞ்சம் குடிக்கட்டும் டொக்டர். பசியோட அறுக்கப்புடாது.”

“கையை எடுங்க எண்டு சொன்னன்.”

என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அவர் எடுத்தார். நான் கேட்டேன். அந்த ஒரு கிழமை முழுவதும் யாருமே அவரிடம் கேட்காத கேள்வி அது.

“இந்த மாட்டை நாய் கடிச்சதா?”

அவர் யோசிக்கவே இல்லை. “ஓம். நோம்புப் பெருநாள் முடிஞ்ச கையோட. அந்த இடிஞ்ச வீடுகளுக்குள்ள திரியுற நாயொண்டு. மூக்கில கடிச்ச. நான் மஞ்சள் பூசி விட்டன், ஆறிட்டு.”

வளவெல்லாம் இடிந்து, உடையவர்கள் செத்து, சோறு வைக்க ஆளில்லாமல் அலைந்த நாய்கள் அந்த வருடம் எங்கள் கரையெங்கும் திரிந்தன. இப்படி ஒன்று வரும் என்று நாங்கள் பயந்துகொண்டேதான் இருந்தோம். வந்துவிட்டது.

“லெப்பை, கத்தியை வைங்க. இது விசர் நாய் கடிச்ச மாடு. இதுக்கும் விசர் வந்திரிக்கி. அறுக்கவும் ஏலாது, தோல் உரிக்கவும் ஏலாது, ஆரும் கிட்ட வரவும் ஏலாது.”

பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்: “மையத்தானவங்கட பேரால குடுக்கிற சோத்தைத் தடுக்கிறீங்களே, டொக்டர்.”

எனக்கும் கோபம் வந்தது, சட்டென்று வருவதுதான் என் வழக்கம். “ஓம், தடுக்கிறன். கறி ஆக்கினா கிருமி செத்திடும், அது வேற கதை. ஆனா அறுக்கிற கை, தலையைப் பிளக்கிற கை, மூளையைக் கழுவுற பொம்பிளைகள்ற கை, அந்தக் கையெல்லாம் ஆருடது? இந்த நோய் வந்தாப் பிறகு மருந்தில்ல. வர முந்திப் போட ஊசி இரிக்கி. எத்தனை மையத்தை அடக்கினீங்க இந்த வருஷம்? இன்னும் காணாதா?”

கடைசி வசனத்தைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் லெப்பை கத்தியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகினார், பெண்கள் தாச்சிகளை எடுத்துக்கொண்டார்கள். நிஸாமை ஒரு திறீவீல் ஆட்டோவில் ஏற்றிக் கல்முனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அவருடைய பெண்சாதி அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். ஏறும்போது “அவவுக்குச் சொல்லிராதீங்க டொக்டர்” என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அடுத்த திறீவீலில் ஏற வேண்டியவர் ஆதம்பாவா காக்கா. விரல் நகங்களைச் சுற்றித் தோல் வெடித்திருந்தது, கயிறு இழுத்த கீறல்கள் வேறு. அந்தக் கையால்தான் இரண்டொரு நாளாக அதற்கு ஊட்டியிருக்கிறார்.

“எனக்கு வேணா” என்றார்.

“காக்கா, இது விளையாட்டு இல்ல.”

“விளங்குது. நீங்க சொன்னது எனக்கு நல்லா விளங்கிட்டு. ஊசி போடாட்டி மௌத்தாகிருவன். அவ்வளவுதானே.” குரலில் நடுக்கமே இல்லை. “நான் விஷம் குடிக்கல்ல. கடல்ல குதிக்கல்ல. அல்லாஹ் இப்படி ஒண்டை அனுப்பினா நான் என்னத்துக்கு மறிக்கோணும்? அங்க மூணு பேர் இரிக்காங்க. இஞ்ச இந்த மாடுதான் இரிந்திச்சு. அதும் போகுது.”

இப்போது நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? உண்மையாகவே கேட்கிறேன். எங்களுக்குப் படிப்பித்ததில் இதற்கு மறுமொழி இல்லை. மார்க்கத்தில் சொல்லிப் பார்த்தேன். அவர் தலையாட்டிக் கேட்டார். அதட்டினேன், அதையும் கேட்டார். அந்த நோயில் எப்படிச் சாவார் என்று சொல்லிப் பயமுறுத்தவும் பார்த்தேன். தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுத்துக்கொள்ளும் என்றேன். “தண்ணிக்கு நான் ஏற்கெனவே பயம்தான்” என்றார். மாட்டை வேலி போட்டு மறித்துவிட்டு, அவர் அதற்குக் கிட்டப் போகாமல் பார்க்க லெப்பையை வைத்துவிட்டு, அலுவலகத்துக்குத் திரும்பினேன்.

இன்னும் ஒரு கை அந்த மாட்டைத் தொட்டிருந்தது. பயிற்சியாளர் அப்போது பொத்துவில் பக்கத்தில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார். தொலைபேசியில் பிடித்தேன். இந்தச் செய்தியைக் கேட்டு மனிதர் உடைந்துபோவார் என்று பயந்து மெல்ல மெல்லச் சொன்னேன். அந்த மாட்டுக்கு ரேபிஸ், விசர் நாய்க்கடி நோய் என்றே நம்புகிறேன், நீங்கள் உடனே ஊசி போட வேண்டும் என்றேன்.

“பாவம், அந்த மாடு” என்றார். உண்மையாகவே வருந்தினார். “என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், டொக்டர். இந்த நாட்டுக்கு வருகிறேன் என்றதும் எங்கள் ஊர் வைத்தியர் அந்த ஊசியை முன்கூட்டியே போட்டுத்தான் அனுப்பினார்.”

அப்படிப் போட்டிருந்தாலும் இப்போது மேலதிகமாகப் போட வேண்டும் என்று சொல்ல மட்டும் நினைவு வந்தது. சொன்னேன். பிறகு கேட்டேன்: “வகுப்பில் அதைப் பற்றி ஏன் ஒரு சொல்லும் சொல்லவில்லை?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அது முதுகெலும்புப் பயிற்சிதானே” என்றார்.

அந்தக் குரலில் கள்ளம் இல்லை. அதுதான் என்னை அடித்துப் போட்டது. விளங்காமல்தான் சொன்னார். தன் உடம்புக்குள் அந்த ஊசியை வைத்துக்கொண்டே நிஸாமைத் தாடையைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. நான் தொலைபேசியை வைத்தேன். பியோன் வந்து தண்ணீர் தந்தார்.

அப்படியே திரும்பி முகாமுக்குப் போனேன். ஆதம்பாவா காக்காவை இணங்க வைக்கப் போகவில்லை. என்னால் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை, யாருக்காவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவர் வேலிக்கு இப்பால் மண்ணில் இருந்தார். நானும் பக்கத்தில் மண்ணில் இருந்தேன்.

“காக்கா, அந்த வெள்ளைக்காரருக்கு ஒண்டும் ஆகாது. அவர் இந்த ஊசியை வர முந்தியே போட்டுக்கிட்டுத்தான் வந்திரிக்கார்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “வர முந்தியே?”

“ஓம்.”

“அப்ப இந்த ஊரில இப்படி ஒரு நோய் இரிக்கி எண்டு அவருக்குத் தெரியும்.”

“ஓம்.”

“தெரிஞ்சிக்கிட்டுத்தான் நிஸாமைத் தாடையில புடிக்கச் சொன்ன?”

“அவர் அப்படி நினைச்சுச் செய்யல்ல, காக்கா. அவருக்கு அது தோணவே இல்ல.”

அவர் என்னைக் கேட்டார்: “நீங்க போட்டிரிக்கீங்களா?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. “ஓம்” என்றேன். “படிக்கிற காலத்திலயே எங்க எல்லாருக்கும் போட்டு விட்டாங்க.”

“நிஸாமுக்கு?”

“இல்ல.”

“அப்ப படிச்ச ஆக்களுக்கெல்லாம் போட்டிரிக்கி. மாட்டுக்காரனுக்கும் மாட்டைப் புடிக்கிறவனுக்கும்தான் இல்ல.”

அந்த முகத்தைப் பார்த்தேன். கடல் வந்து போன நாளிலிருந்து அந்த மனிதரின் முகத்தில் நான் எதையும் பார்த்ததில்லை, அழுகை கூட. இப்போது கோபம் வந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்த அசல் கோபம். கடலோடு யாரும் கோபப்பட முடியாது. அல்லாஹ்வோடு அவர் கோபப்பட மாட்டார். அந்த வருடம் முழுவதும் அந்த மனிதருக்குக் கோபப்பட ஒரு ஆள் கிடைக்கவில்லை. அன்றைக்கு வெள்ளைக்காரர் கிடைத்தார், கூடவே நானும் கிடைத்தேன். அவர் எழுந்து சாறனை இறுக்கிக் கட்டினார். கொட்டிலுக்குள் போய்ச் சேட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

“எழும்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போவம். என்னைய இப்படி லேசாச் சாகடிக்க ஏலாது.”

ஜீப்பில் ஏற முன்னர் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “நான் வாறத்துக்குள்ள அதை முடிச்சிருங்க, டொக்டர். நோகாம.”

சாரதி அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதும் செய்தேன். அவர் சொன்னபடியே, நோகாமல். அதற்குப் பிறகு செய்ய வேண்டியது என் வேலையின் அசிங்கமான பகுதி. தலையைப் பரிசோதனைக்குக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். மீன் பெட்டிக்குள் ஐஸ் நிரப்பிக் கொண்டுபோனோம். வழியில் சோதனைச் சாவடியில் மூடியைத் திறக்கச் சொன்ன சிப்பாய் உள்ளே பார்த்துவிட்டு மறு பேச்சில்லாமல் கையைக் காட்டினான். அந்த ஒரு பயணத்தில் மட்டும்தான் எந்தச் சாவடியிலும் என்னைக் காக்க வைக்கவில்லை. முடிவு நான் பயந்தபடியே வந்தது.

ஊசிகள் முடியும் வரை நிஸாமும் ஆதம்பாவா காக்காவும் ஒரே வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போட்டுக்கொண்டார்கள். நிஸாம் முதல் நாள் மன்னிப்புக் கேட்டாராம். “நீ என்னடா செய்வாய், உனக்குச் சொல்லித் தரல்லயே” என்றாராம் காக்கா. வருஷக் கத்தத்துக்கு அவர் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் கொடுத்தார். முகாமே சாப்பிட்டது. நிஸாமின் பிள்ளைக்கு நாற்பதாம் நாள் முடி இறக்கியபோது அவர்தான் கிடாய் கொண்டுவந்தார். நான் எல்லாக் கள உத்தியோகத்தருக்கும் அந்த ஊசி வேண்டும் என்று மேலிடத்தோடு சண்டை பிடித்தேன். எப்படிப் பிடித்தேன் என்று கேட்டால் மேலிடம் சொல்லும். என் பதவி உயர்வு கொஞ்சம் பிந்தியது, ஊசி பிந்தவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன்.

யுத்தம் முடிந்து, சந்திகளில் மண்மூட்டைகளை அகற்றி, ஆட்கள் பயமில்லாமல் பயணம் போகத் தொடங்கிய பிறகு, இந்தத் துறைப் பயிற்சி ஒன்று திரும்பவும் எங்கள் பக்கம் வந்தது. என்னை மொழிபெயர்க்கக் கேட்டார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் முடியாது என்றேன். பிறகு, யார் நடத்துகிறார்கள் என்று பார்க்கவாவது போக வேண்டும் என்று போனேன்.

இந்த முறை வந்தவர் ஒரு பெண். கால்நடை வைத்தியப் பட்டம் பெற்று, பல வருடம் வேலை செய்து, அதற்குப் பிறகு கைரோபிராக்டிக் படித்துப் பரீட்சை எழுதியவர். அவருடைய ஊரில் கால்நடை வைத்தியர்களையும், மனிதருக்கு இந்த வைத்தியம் செய்யும் பட்டம் பெற்றவர்களையும் மட்டும்தான் அந்தப் படிப்புக்கு எடுப்பார்களாம். இரண்டாவது வகையினர், கால்நடை வைத்தியர் பார்த்து அனுப்பாமல் ஒரு விலங்கையும் தொடக் கூடாது. படிப்பின் தொடக்கத்தில் கை வைக்கவே விட மாட்டார்களாம். எலும்பு முறிவா, கட்டியா, நரம்பில் தொற்றா, இது என் வேலைதானா என்று பிரித்தறிவதுதான் முதல் பாடம். இதைக் கேட்டதும் வீரமுனைப் பட்டிகளில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்த பெரிய டொக்டரின் நினைவு வந்தது. நல்ல இடம் எது என்று கேட்டீர்களே. உங்களிடம் பட்டம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் சேர்க்கிற இடம், தொடக் கூடாததை முதலில் படிப்பிக்கிற இடம், அதுதான் நல்ல இடம். கிழமை முடிவில் எல்லாருக்கும் சான்றிதழ் என்றால் அந்தப் பக்கமே தலை வைக்காதீர்கள்.

நான் மொழிபெயர்க்க ஒத்துக்கொண்டேன், ஒரு நிபந்தனையோடு. செய்து காட்ட யாருடைய மாடுகளைக் கொண்டுவருகிறார்களோ, அந்த மாட்டுக்காரர்கள் முதல் நாள் வகுப்பில் முன்வரிசையில் இருக்க வேண்டும் என்றேன். அவர்களுக்கு என்ன விளங்கும் என்று ஏற்பாட்டாளர் கேட்டார். அதைப் பிறகு பார்க்கலாம் என்றேன்.

ஆதம்பாவா காக்கா வந்தார். தாடி வெளுத்திருந்தது. திரும்பவும் மாடு வளர்க்கத் தொடங்கியிருந்தார், அவற்றில் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் நிஸாம். வகுப்புத் தொடங்கி, அந்தப் பெண் தன்னை அறிமுகப்படுத்தி, திரையில் முதுகெலும்பின் படம் ஒன்றைப் போட்டார். போட்டதும் காக்கா கையை உயர்த்தினார்.

“அவவிட்ட ஒண்டு கேக்கோணும், டொக்டர். விசர் நாய் ஊசி போட்டுக்கிட்டா வந்தவ எண்டு கேளுங்க. போட்டிருந்தா, அந்த எலும்புப் படத்தை நிப்பாட்டிட்டு முதல்ல அதைச் சொல்லச் சொல்லுங்க. இஞ்ச இரிக்கிற ஒவ்வொருத்தனுக்கும் போட்டாப் பிறகுதான் என்ட மாட்டில கை வைக்க விடுவன்.”

ஏற்பாட்டாளர் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார், விட்டுவிடுங்கள் என்கிற மாதிரி. அந்தப் பெண் புன்னகையோடு என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

நான் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன்.